நாக்கு நீட்டிய கிண்ணம்

1946 மார்ச் 4

பருத்தி விலையும் மல்லாங்கிணற்றில் பஸ் கவிழ்ந்ததும் பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. மாலையில் பக்கத்துத் தெரு ராக்கம்மாள் வீடு. பட்டாளத்திலிருக்கும் மகன் ஆண்டிச்சாமி கிரேக்க நாட்டிலிருந்து கூட்டாளி கையில் கொடுத்தனுப்பிய மண்பாத்திரத்தைக் காட்டினாள். கறுப்பு, பளபளப்பு. அகலம் ஒன்பது அங்குலம் (அளந்தேன்). இரு பக்கமும் பிடி. வெளியே இரண்டு பெரிய கண். உள்ளே அடியில் நாக்கை நீட்டிய முகம்.

"என்னய்யா இது?" என்றாள்.

குடிக்கிற பாத்திரமோ என்று தண்ணீர் ஊற்றி அண்ணாந்து குடித்துப் பார்த்தேன். பாதி மூக்கில், பாதி சட்டையில். இதில் மனிதன் குடிக்க முடியாது. நிரூபணமாயிற்று.

மார்ச் 11

பத்திரிகையில் வந்துவிட்டது: 'கிரேக்க தேசத்திலும் காளி! அருப்புக்கோட்டை வந்த பூசைத் தட்டு.' தலைப்பும் என்னுடையதே.

மார்ச் 23

ராக்கம்மாள் அதை மாடத்தில் வைத்து விரதம் தொடங்கிவிட்டாள். தினமும் பானகம் படையல். காரியாபட்டியிலிருந்துகூட எலுமிச்சம்பழத்தோடு ஆள் வருகிறது. பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 2

ஆண்டிச்சாமி லீவில் வந்திருக்கிறான். என்னைத் தேடி வந்து சிரித்தான்.

"அண்ணாச்சி, அது கள்ளு குடிக்கிற கிண்ணம்."

திராட்சைக் கள்ளாம். அந்தக் காலத்து விருந்தில் ஆண்கள் சாய்ந்து படுத்து ஒரே கிண்ணத்தைக் கைமாற்றிக் குடிப்பார்களாம்; இது அதைப் பார்த்துச் செய்தது, சந்தையில் வாங்கினானாம். தூக்கினால் எதிரே இருப்பவனை அந்தக் கண்கள் முறைக்கும். காலியானால் குடித்தவனுக்கே அந்த முகம் நாக்கை நீட்டும்.

"அண்ணாந்தா குடிச்சீக? வாய வச்சுல்ல குடிக்கணும்."

வாய் வைத்து! ஐம்பத்து நான்கு வயதில் ஒரு டம்ளரில் வாய் வைத்ததில்லை நான். உலகமே அப்படித்தான் என்று எழுதிவிட்டேன்.

"ஆத்தாகிட்டச் சொல்லிராதீக. தாங்காது."

ஏப்ரல் 3

இருபத்திரண்டு வருஷமாக ஒரு திருத்தம் போட்டதில்லை. இதையும் விட்டால் யாருக்குத் தெரியும்? — அந்தப் பொம்பள பட்டினி கெடக்கே, நான் போட்ட தலைப்புக்கு.

ஏப்ரல் 5

திருத்தம் அனுப்பினேன். நான்கு வரி.

ஏப்ரல் 9

இன்று வந்துவிட்டது. வேறு யாரும் சொல்வதற்குள் நானே போய் ராக்கம்மாளிடம் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்து நின்றேன். அவள் மாடத்துப் பக்கம் திரும்பினாள்.

"கள்ளா? அப்ப இத்தன நாளும் வெறும் பானக்கத்த வச்சில்ல ஏமாத்திருக்கேன். அவ நாக்க நீட்டிக் கேட்டிருக்கா, எனக்குத்தான் புத்தி வரல." மகனைப் பார்த்தாள். "ஏலே, ஒரு கலயம் வாங்கிட்டு வா."

படையல் முடிந்தது. ஆண்டிச்சாமி பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினான். விளிம்பில் அவன் வாய் பட்ட ஈரம். இரண்டு கையாலும் பிடித்தேன்.

அடியிலிருந்த முகம் என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. சட்டை நனையவில்லை.