நாலு அமுக்கு

நேற்று மதியம் கூரியர்காரர் ஒரு சிறிய மஞ்சள் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே என் பெயர் இருந்தது. ஆர்டர் போட்டது நீங்கள். சுங்கத்தில் எங்கோ படுத்துக் கிடந்துவிட்டு, உங்கள் கருமாதி எல்லாம் முடிந்த பிறகு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிரித்தேன். நாணயம் அளவில் பச்சை நிற சர்க்யூட் பலகைகள். புதுச் செருப்பும் பிசினும் கலந்தது போன்ற அந்த வாசனை, உங்கள் சட்டையிலும் எப்போதும் இருந்தது.

உங்கள் பார்சல்கள் என் விலாசத்துக்கு வருவதுதான் வழக்கம். குமாரபாளையத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தால், நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு டார்ச்சுங்களா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, விசைத்தறிப் பட்டறையே நடத்தும் ஒரு மனிதர் தன் தபாலைச் சேலத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார். நீங்கள் போன பிறகும் அந்த ஏற்பாடு பிசகாமல் நடக்கிறது. நம் ஊரில் பிசகாமல் நடக்கும் ஏற்பாடுகள் பெரும்பாலும் மனைவியிடமிருந்து எதையாவது மறைப்பதற்காக உண்டானவை.

நாம் சந்தித்ததே ஒரு வேடிக்கை. டார்ச் பைத்தியங்களுக்கான ஓர் இணையக் குழுவில், ஆளுக்கொரு ஆங்கிலப் புனைபெயரில், நானும் நீங்களும் வெகு காலம் ஆங்கிலத்திலேயே சண்டை போட்டோம். டார்ச் சூடானால் வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைப்பதா, ஒரேயடியாகக் குறைப்பதா என்பது பிரச்சினை. உலகத்தில் அதைவிடப் பெரிய பிரச்சினை அப்போது நமக்கு இல்லை. ஒருநாள் நீங்கள் போட்ட படத்தில், டார்ச்சுக்குப் பின்னால் தமிழ் நாள்காட்டி ஒன்று தொங்கியது. "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்று தமிழில் எழுதினேன். "பவானிப் பாலத்துக்கு இந்தப் பக்கமுங்க" என்று பதில் வந்தது. அமெரிக்கர் என்று நினைத்துத் திட்டிய ஆளை அந்த ஞாயிற்றுக்கிழமையே பேருந்தில் போய்ப் பார்த்தேன்.

அதன் பிறகு வேலை பிரிந்தது. பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் நின்று, எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று முடிவு செய்யும் சர்க்யூட்டுக்கு டிரைவர் என்று பெயர். அதில் ஒரு சிப். சிப்புக்குள் நீங்கள் எழுதும் நிரல். உங்களுக்குக் கை நடுங்கும் என்பதால் பற்றவைப்பது நான். எனக்குக் கணக்கு வராது என்பதால் எழுதுவது நீங்கள். நாமக்கல்லில் என் மாமனாரிடம், டிரைவர் செய்கிறோம் என்று பெருமையாகச் சொன்னபோது, "லைசென்ஸ் யாரு எடுத்துத் தருவாங்க?" என்று கேட்டார். நான் இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்துபோன லாரி ஏன் எரிந்தது என்று எழுதித் தருவது என் பிழைப்பு. மருமகன் இப்போது லாரிக்கு ஆளும் பிடித்துத் தருகிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்; அது இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

நம் டார்ச்சுக்கு ஒரே ஒரு பொத்தான். ஒரு அமுக்கில் எரியும். அமுக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஏறும். இரண்டு அமுக்கினால் பட்டறை முழுக்கப் பகலாகும். மூன்று அமுக்கினால் பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று மினுக்கிக் காட்டும். நாலு அமுக்கினால் பூட்டு. பூட்டிய பிறகு எதை அமுக்கினாலும் எரியாது; பொத்தானுக்கு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும், பூட்டியிருக்கிறேன் என்று ஒருதரம் மினுக்கும். திறக்க வேண்டுமானால் மறுபடி சடசடவென்று சரியாக நாலு. மூன்றும் ஆகாது, ஐந்தும் ஆகாது. பைக்குள் தவறி அமுங்கினாலும் கச்சிதமாக நாலு அமுங்காது என்பது உங்கள் சித்தாந்தம். "பூட்டு இல்லாத டார்ச்சு மடியில கட்டுன நெருப்பு தம்பி" என்பீர்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் நாலு அமுக்கிப் பூட்டி, துணியால் துடைத்து, அலமாரியில் வரிசையாக நிறுத்துவீர்கள். பூசை அறையில்கூட அவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை என்று அக்கா சொல்வார்.

ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது நான் அந்தப் பேச்சை எடுத்தேன். நீங்கள் ஆசையாகக் கொடுத்த டார்ச்சை என் மனைவி சமையலறையிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தாள். "இத எரிய வெக்கறதுக்குக் கோர்ஸ் எங்க நடத்தறாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்பது அவள் சொல்லியனுப்பிய செய்தி. நான் உங்களிடம் கேட்டேன்: "ஏனுங்ணா, ஊட்டுல இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒண்ணு எழுதுங்களேன். அமுக்குனா எரியோணும், மறுக்கா அமுக்குனா அணையோணும். அவ்வளவுதான்."

நீங்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினீர்கள். "நாலு எண்ணத் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க தம்பி வெளிச்சம்?"

ரசம் ஊற்ற வந்த அக்கா கரண்டியோடு நின்றார். "கேட்டுக்குங்க தம்பி. எங்கூட்டுல விளக்குப் போடோணும்னா பரீச்ச எழுதிப் பாஸாகோணும். நானு பெயில்."

"உனக்கு எத்தன தரம் சொல்லிக் குடுக்கறேன்னு சொன்னேன்?"

"நானு தறிக்கு நூலு வாங்கறதா, கூலி குடுக்கறதா, சோறாக்கறதா, உங்க டார்ச்சுக்குப் பாடம் படிக்கறதா? போங்க சாமி, பேசாம ரசத்தக் குடிங்க."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் ஜாஸ்தி சிரித்தேன்; ரசம் நன்றாக இருந்தது. கை கழுவும்போது நீங்கள் முடிவாகச் சொன்னீர்கள், சுலபமாக்குவது என்பது எதிராளியை முட்டாளாக்குவது என்று. அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் குழுவிலும் எழுதினீர்கள். பல நாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூட உங்கள் வீட்டில் இருட்டில் நிற்கப் போவதில்லை.

நின்றது அக்கா. நீங்கள் போன அன்று பட்டறைக்கு விடுமுறை. ஓரிரண்டு தறிகளை மட்டும் நீங்களே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். சாயங்காலம் மழை பிடித்துக் கரண்ட் போனது. கரண்ட் திரும்பும்போது தறி தானாகக் கிளம்பி நூல் அறுந்துவிடக் கூடாது என்று சுவிட்சுகளை அணைக்க உள்ளே போனீர்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தறிகளுக்கு நடுவில் நடப்பேன் என்று சொல்கிற ஆள். கையில் டார்ச் எடுக்கவில்லை. ஏதோ விழுந்த சத்தம் அக்காவுக்குக் கேட்டது. கூப்பிட்டார். பதில் இல்லை.

அக்காவின் செல்போன் சார்ஜ் தீர்ந்து கிடந்தது. அவர் அலமாரிக்கு ஓடினார். அங்கே சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலேயே அதிக வெளிச்சம் தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து அமுக்கினார். சிவப்பாக மினுக்கிற்று. இன்னொன்று. அதுவும் சிவப்பு. "சார்ஜ் இல்லன்னு நெனச்சேன் தம்பி" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார். "ஒண்ணொண்ணா எடுத்து அமுக்கு அமுக்குன்னு அமுக்குனேன். அத்தனையும் செவப்பாவே மினுக்குச்சு. இத்தன வெச்சிருக்கற மனுசன் ஒண்ணுக்காச்சும் சார்ஜ் போட்டு வெக்கலையேன்னு உங்கண்ணன வஞ்சேன். அங்க உழுந்து கெடக்கறாரு, இங்க நின்னு வஞ்சிட்டிருக்கறேன்."

எல்லாம் முழு சார்ஜில் இருந்தன. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பிறகு உங்கள் மகள் வந்து சொல்லிவிட்டாள்.

அன்று அக்கா விளக்கேற்றிக்கொண்டு உள்ளே போனார், மழைக்காற்று அணைத்தது. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் செல்போன் வெளிச்சத்தோடு வந்த பிறகுதான், நூல் சுற்றிய பாவு உருளைகளுக்குப் பக்கத்தில் உங்களைக் கண்டெடுத்தார்கள். மாரடைப்பு. டாக்டர், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்றார். எல்லா டாக்டர்களும் எல்லாரிடமும் சொல்கிற வாக்கியம் அது. அதற்கு அர்த்தம் இல்லாமலும் இருக்கலாம். அக்காவுக்கு இருக்கிறது. உங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்ததை நர்ஸ் என் கையில் கொடுத்தார். கண்ணாடி, கொஞ்சம் சில்லறை, ஒரு சின்ன டார்ச். அமுக்கிப் பார்த்தேன். சிவப்பு.

குழுவில் செய்தி போட்டேன். உங்களை மேதை என்றார்கள். ஆளாளுக்கு இருட்டறையில் தங்கள் டார்ச்சைக் கூரையை நோக்கி எரியவிட்டுப் படம் பிடித்து அஞ்சலி செலுத்தினார்கள். ஒருவர் மட்டும் அந்த அஞ்சலிக்கு நடுவே, அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று கேட்டார். உள்ளதில் அவரே நேர்மையானவர். நான் நடந்ததை அப்படியே எழுதி, உங்கள் நிரலில் வீட்டாருக்கென்று ஓர் எளிய வழி சேர்க்கலாமா என்று கேட்டேன். அது மறைந்தவரின் கொள்கைக்கு விரோதம் என்று தீர்மானித்தார்கள். உங்கள் கொள்கை நலமாக இருக்கிறது அண்ணா. உங்களைவிட அதற்கு ஆயுசு கெட்டி.

உங்கள் மகள் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டாள். கணக்கு வராத நான் நாள்கணக்காக உட்கார்ந்து, பூட்டு இருக்கும் வரிகளைத் தேடித் தேடி வெட்டினேன். அமுக்கினால் எரியும். மறுபடி அமுக்கினால் அணையும். அதை இரண்டு டார்ச்சுகளில் ஏற்றி, ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டு, ஒன்றை அக்காவிடம் கொண்டுபோனேன். வாங்கி ஒருதரம் அமுக்கினார். எரிந்தது. மறுபடி அமுக்கினார். அணைந்தது. பகல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் அப்படியே செய்துகொண்டிருந்தார்.

"இவ்வளவுதானுங்களா தம்பி?"

"இவ்வளவுதானுங்க அக்கா."

"இதுக்கா அந்த மனுசன் அன்னிக்கு அந்தப் பேச்சுப் பேசுனாரு?" என்று கேட்டுவிட்டு அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நீங்களே வெச்சுக்குங்க. பஸ் ஸ்டாண்டுக் கடையில ஒண்ணு வாங்கிட்டேன். தள்ளுனா எரியுது. எனக்கு அது போதும்."

போன வாரம் ஓமலூர்ப் பக்கம் எரிந்துபோன லாரி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்கும்போது, பேண்ட் பைக்குள் இருந்த டார்ச் தானாக அமுங்கி எரியத் தொடங்கியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கருகல் வாசனை லாரியிலிருந்து வருவதாக நினைத்து, எழுதிக்கொண்டும் இருந்தேன். சுட்டபோதுதான் தெரிந்தது. பேண்டில் ஓட்டை, தொடையில் கொப்புளம். லாரி டிரைவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க சார், எரிஞ்ச வண்டியப் பாக்க வந்துட்டு நீங்களும் எரியறீங்களே!" என்றார்.

நீங்கள் சொன்னது சரி. பூட்டு வேண்டும். காரணம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் சொல்கிறேன், இந்தச் சூட்டுக்குக் காரணம் பூட்டு இல்லாதது, வேறெதுவும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் குழுவில் படத்தோடு போட்டு என்னை நாறடித்திருப்பீர்கள். கொப்புளம் உடைந்து தோல் கறுத்துவிட்டது, தழும்பு நிற்கும் என்கிறார்கள்.

இன்று காலையில் அதே டார்ச்சைத்தான் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பூட்டைத் திரும்பச் சேர்க்கவில்லை. சேர்க்கமாட்டேன். இந்தப் பக்கம் சுட்டால், அந்தப் பக்கத்துப் பைக்கு மாற்றிக்கொள்கிறேன்.