பெயர் என்ற கட்டம்

என்னங்க,

காபித் தோட்டத்துல வேலை எப்படி இருக்குது? இங்க சாமை அறுத்தாச்சு.

நான் மலை ஆஸ்பத்திரியில பழைய கேஸ் சீட்டுங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலைக்குப் போறேன். கரையான் விட்டு வச்சதை எல்லாம் ஏத்தறோம். போன வாரம் பாஞ்சாலையம்மா வந்து, காய்ச்சல்ல போன தன் பையனோட சீட்டைக் கேட்டாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. "அவன் பேரு எங்க இருக்குது, காட்டும்மா"ன்னாங்க. காட்டினேன். அதுமேல விரலை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. அவனோட போட்டோகூட இல்லையாம்.

நேத்து நம்ம பாப்பா பொறந்த வருஷத்துச் சீட்டுக் கட்டைப் பிரிச்சோம். கூட வேலை செய்யற தனசேகரன், "அக்கா, இத நான் பாத்துக்கறேன், நீங்க டீ குடிச்சிட்டு வாங்க"ன்னாரு. வேணாம்னு நானே ஏத்தினேன். அழுகை வரல. பொறந்த எடை, மூச்சு நின்ன நேரம், எல்லாத்தையும் தப்பில்லாம அடிச்சேன். பேருன்ற கட்டத்துல கை நின்னுடுச்சு. சீட்டுல 'பெண் குழந்தை'ன்னு மட்டும்தான் இருக்குது. பெத்தவங்க சொன்னா பேரைச் சேத்துக்கலாமாம்.

நீங்க போனதுலேர்ந்து நாம பாப்பாவைப் பத்திப் பேசவே இல்ல. ஊருக்கு வராட்டியும் சரி. இன்னா பேரு போடலாம்னு மட்டும் எழுதுங்க.

உங்க வூட்டுக்காரி