இடது பக்கத்து மந்தம்

ஜூன் 3, செவ்வாய்
வெக்கை. மழை பல்லாவரத்தோட நின்னுடுச்சாம். காலேஜ் லேப்ல வேலை கம்மி, நாலு மணிக்கே வீடு.

பாட்டு கேக்க வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டி முடிச்சு பத்து நாள். நான் கட்டினதுல இது மூணாவது. வலது ஸ்பீக்கர் பெட்டி (அலமாரி பக்கம்) அருமை, வயலின்ல வில் உரசுறதுகூடக் கேக்குது. இடது (ஜன்னல் பக்கம்) தலையணைக்குள்ள இருந்து வர்ற மாதிரி மந்தம்.

பார்த்தாச்சு:
வால்வு ரெண்டையும் இடம் மாத்தி. இல்ல.
கெப்பாசிட்டர் புதுசு. இல்ல.
சால்டரிங் மறுபடி. இல்ல.

மிச்சம் ஆம்ப்ல இருக்கற டிரான்ஸ்ஃபார்மர்தான், பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் கையால கம்பி சுத்திக் கொடுத்தது இளங்கோ, கோவிலம்பாக்கத்துல மோட்டார் வைண்டிங் கடை. ஆறு வருஷப் பழக்கம். எப்படிச் சொல்றது?

ஜூன் 5, வியாழன்
சொல்லிட்டேன், போன்ல. இடது பக்கத்துது சுத்துறப்போ கவனம் போதல போலன்னு. அவன், "ரெண்டும் ஒரே கைதான்க்கா சுத்துச்சு. சரி, எட்த்துகினு வா."

வழக்கமா அவனே வருவான். கழட்டி எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன். உக்காருன்னு சொல்லல.

ஜூன் 12, வியாழன்
புதுசா சுத்தினது கூரியர்ல வந்துச்சு. கூட ஒரு மெசேஜ்கூட இல்ல. மாட்டினேன். மந்தம் அப்படியே!

வீட்டுக்காரரை உக்காத்தி வெச்சுக் கேட்டேன். ரெண்டும் நல்லாதானே இருக்குங்கிறார். இவருக்குக் குக்கர் எத்தனை விசில்னே தெரியாது.

சாம்பார் பொடி தீர்ந்தாச்சு.

ஜூன் 14, சனி
ஸ்பீக்கர் ஒயரை வலம் இடம் மாத்திப் போட்டேன். முதல் நாளே செய்ய வேண்டியது. இளங்கோ மேலயே கண்ணா இருந்துட்டேன். ஆம்ப்ல கோளாறுன்னா மந்தம் அலமாரி பக்கம் போகணும். போகல. அப்ப ஆம்ப் இல்ல. பெட்டிகளையே இடம் மாத்தினேன். போகல. எதிரொலியோன்னு ஜன்னல்ல பெட்ஷீட் கட்டினேன். ம்ஹூம்.

கடைசியா நாற்காலியைத் திருப்பி, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன். ஜன்னல் பக்கம் தெளிவாயிடுச்சு. அலமாரி பக்கம் மந்தம்.

என் இடது காது.

அணைச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். வீட்டுக்காரர் காபி வேணுமான்னு கேட்டார். வேணாம்னு மட்டும் சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்
தாம்பரத்துல காது டாக்டர். கண்ணாடி ரூம், ஹெட்ஃபோன், சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். இடது காதுல ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. மெஷின் ரிப்பேர்னு நினைச்சேன். கிராஃப்ல கீச்சுச் சத்தம் இருக்கற பக்கம் ஒரே சரிவு. நரம்பாம். போனது திரும்பாது, மேல போகாம பார்த்துக்கலாம்னார்.

எத்தனை நாளா இப்படி? போன ஆம்ப் ரொம்ப இதமா இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே. அந்த இதம் வால்வோடதா, காதோடதா? ஆனா கடையில வாங்கின ஸ்டீரியோ செட்டை விட நான் கட்டினது நல்லாத்தான் இருக்கு, இன்னிக்கும். வந்ததும் போட்டுப் பார்த்தேன். ஏன்னு தெரியல. எதை வெச்சு நல்லாருக்குன்னு சொல்றேன்னும் தெரியல.

வர்ற வழியில வீட்டுக்காரர் ஆட்டோல கையைப் பிடிச்சுக்கிட்டார். இடது பக்கம்தான் உக்காந்திருந்தார். ஏதோ சொன்னார். திருப்பிக் கேக்கல.

ஜூன் 22, ஞாயிறு
தூறல். ஒயர், பெட்டி எல்லாம் பழைய இடத்துலயே வெச்சாச்சு. இளங்கோவை வரச்சொன்னேன். வருவான்னு நினைக்கல, வந்தான்.

ரிப்போர்ட்டைக் காட்டி, தப்பு என் மேலதான்னு சொன்னேன். முகத்தைப் பார்க்க முடியல. வலிக்குதா, எந்த டாக்டர், மாத்திரை உண்டான்னு காதைப் பத்தியேதான் கேட்டான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எங்கன்னு நான்தான் கேட்டேன். அன்னிக்கே கம்பியெல்லாம் உருவிப் பிரிச்சுட்டானாம். நல்லா இருந்ததை.

ஆம்ப் போட்டேன். என் நாற்காலியில உக்காந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னான்.

"அக்கா, இப்ப நெஜமாவே லெஃப்ட்டு லேசா மந்தமாத்தான் கீது."

புதுசைக் கோவத்துல சுத்தினானாம். எத்தனை சுத்துன்னு எண்ணிக்கை நடுவுல விட்டுப்போச்சாம், குத்துமதிப்பா முடிச்சுட்டானாம். எனக்கு ஒண்ணும் புரியல. புதுசு மாட்டினப்புறம் நான் கேட்டது காதா, இதுவா? ரெண்டுமா?

விட்டுடு, எனக்கு எப்படியும் கேக்கப்போறதில்லன்னு சொன்னேன்.

"எனக்குக் கேக்குதேக்கா."

ஸ்க்ரூ டிரைவர் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.