நீனா போடாத பயிர்

ஏப்ரல் 27

அர்க்காதியைக் கல்யாணம் செய்து எட்டு மாதம். அறுபது வயதில் எனக்கு ஒரு புருஷன், ஒரு தோட்ட வீடு, கூடவே ஒரு மகள். மகள் அவருடையவள். லரீசாவுக்கு முப்பத்தெட்டு வயது. வாரம் தவறாமல் தோட்டத்துக்கு வந்துவிடுவாள். மரியாதைக்குக் குறைவில்லை. சிரிப்புக்குத்தான் பஞ்சம்.

இன்று எனக்கென்று ஒரு பாத்தி கேட்டேன். அர்க்காதி யோசிக்காமல் குளியலறைச் சுவரோரம் இருப்பதைக் கொடுத்துவிட்டார். நாள் முழுக்க வெயில் விழும் இடம். லரீசா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"அது அம்மா வெள்ளரி போட்ட இடம்பா."

அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு வருஷம்" என்றாள். பிறகு என்னிடம், "என்ன போடப் போறீங்க, ரிம்மா பவ்லோவ்னா?"

வெள்ளரி போட்டால் நீனாவின் வெள்ளரி. தக்காளி போட்டால் நீனாவின் தக்காளி. அர்க்காதியின் முதல் மனைவி இறந்து நாலு வருஷமாகிறது, இன்னும் ஊறுகாய் ஜாடி திறக்கும்போதெல்லாம் அவள் பேச்சுதான். அவள் போடாத பயிர் ஒன்று வேண்டும் எனக்கு. "நிலக்கடலை" என்று சொல்லிவிட்டேன்.

ஓம்ஸ்க் குளிரில் நிலக்கடலை! என் வாயை என்ன செய்ய?

மே 11

ஜன்னலோரம் தயிர்க் கப்புகளில் விதைத்தது முளைத்துவிட்டது. வெளியே நேற்றும் பனி.

ஜூன் 7

நட்டாயிற்று. மண் சூடேற, எல்லோரும் ஸ்ட்ராபெரிக்குப் போடுவது போலக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு செடி. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குஸ்மிச், "கடலையா? அப்ப அடுத்த வருஷம் அன்னாசியா?" என்றான். உனக்கு ஒரு துண்டு தருகிறேன் என்றேன்.

ஜூலை 4

பூத்துவிட்டது! மஞ்சள். காலையிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 19

பூவெல்லாம் வாடி உதிர்கிறது. ஓட்டை வழியாக விரல் விட்டுத் துழாவினேன். வெறும் வேர். ஒரு காய் இல்லை.

ஒரு வருஷம் என்றாள். காய்க்காவிட்டால் பாத்தி மறுபடி நீனாவுக்கு. நான் இந்த வீட்டில் விருந்தாளி, அவ்வளவுதான்.

ஜூலை 25

பல் பிடுங்க டவுனுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தால் — ஷீட்டைக் கிழித்து மூலையில் போட்டிருக்கிறது. செடிகள் பாதிக்கு மேல் மண்ணுக்குள். லரீசாதான். வேறு யார்? பொறுக்கலன்னா நேரா சொல்லிட்டுப் போயிருக்கலாமே. உயிரோட புதைக்கணுமா? நான் என்ன பண்ணேன் இவளுக்கு?

ஜூலை 26

கேட்டேவிட்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம். லரீசா ஒரு செடியின் இலைகளை விலக்கிக் காட்டினாள்.

"பூ இருந்த இடத்துலேருந்து விழுது இறங்குது பாருங்க. அது மண்ணுக்குள்ள போனாத்தான் காய். ஷீட்டு மேல முட்டி முட்டி நுனி காஞ்சு கிடந்துச்சு. உங்களுக்கு போன் பண்ணேன், நீங்க எடுக்கல. உருளைக்கு அணைக்கிற மாதிரி மண்ணை அணைச்சுட்டேன்."

காய் வேரில் பிடிக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் போட்ட ஷீட்டே வழியை மறித்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. நன்றி என்றேன்.

"உங்களுக்காக இல்ல. செடி சாகறதைப் பாத்துட்டு நிக்க முடியாது எனக்கு."

அதுவும் நியாயம்தான்.

செப்டம்பர் 5

இன்றிரவு உறைபனி என்று ரேடியோவில் சொன்னார்கள். இன்னும் இரண்டு வாரம் மண்ணில் இருக்க வேண்டிய பயிர். சாயங்காலம் பழைய திரைச்சீலை, சாக்கு, அர்க்காதியின் கூடாரத் துணி, எல்லாம் போர்த்தியும் கடைசி நாலு செடிக்கு எதுவும் இல்லை. லரீசா வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் நீனாவின் கம்பளிக் கோட்டு.

அலமாரியில் நான் தொடவே தொடாத ஒரே பொருள் அது. அர்க்காதி படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம்மா லரீசா."

"இதைவிடச் சூடா வீட்ல வேற எதுவும் இல்ல." குனிந்து விரித்தாள். காற்றில் பறக்காமல் கோட்டின் இரண்டு கை மேலும் கல் வைத்தாள். நானும் காலரை இழுத்துவிட்டேன்.

செப்டம்பர் 6

கூரையெல்லாம் வெள்ளை. குஸ்மிச்சின் பூசணிக் கொடி கருகிவிட்டது. கோட்டைத் தூக்கிப் பார்த்தோம். பச்சை.

செப்டம்பர் 22

பிடுங்கினோம். பாதி பொக்கு. மீதி ஒரு பானை நிறைய வந்தது! உப்புப் போட்டு வேகவைத்து மூவரும் படியில் உட்கார்ந்து தின்றோம். வேகவைக்கும் முன்பே லரீசா நல்ல காய்களாகப் பொறுக்கித் தனியே எடுத்து வைத்துவிட்டாள், விதைக்காம்.

கோட்டு முழுக்க மண். துவைத்து வைக்கிறேன் என்று எடுத்தேன்.

"துவைச்சு என்ன பண்ண? அடுத்த வருஷமும் இதே பாத்தியிலதானே கிடக்கப் போகுது" என்றாள் லரீசா. என் கையிலிருந்து வாங்கி இரண்டு தடவை உதறி, கொட்டகையில் மண்வெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.