உனக்கும் ஒண்டு செய்து வைச்சிருக்கிறன்

ஸ்காபரோ, ரொறன்ரோ
29.06.1997

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதமென்றால் சுகம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நாங்கள் சுகம் என்று எழுதினால் அது பொய். இல்லை என்று எழுதினால், சின்னத் தம்பி ஸ்ரீதரனுக்காகக் கொழும்பில் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்குகிற உங்களுக்கு அது இன்னொரு பாரம். ஆகவே சுகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இதை உங்கள் பெரிய தம்பிதான் எழுதியிருக்க வேண்டும். மேசையில் கடதாசியை விரித்து "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதுவார். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. கசக்கி எறிவார். குப்பைக்கூடை நிறைய அன்புள்ள அக்காதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவர் வேலைக்குப் போன நேரம் பேனையை நான் எடுத்துக்கொண்டேன்.

லோயர் அமிர்தநாதர் போன கிழமை ரெலிபோனில் விவரமாகச் சொன்னார். ஸ்ரீதரன் தங்கியிருந்த லொட்ஜைப் பொலிஸ் சுற்றிவளைத்துப் பிடித்தவர்களில் மற்ற எல்லோரையும் அடையாள அட்டை பார்த்து விட்டுவிட்டார்களாம். ஸ்ரீதரனை மட்டும் வைத்திருப்பது அவனுடைய பெட்டிக்குள் அகப்பட்ட படத்துக்காக. பச்சையும் மண்நிறமும் கலந்த உடுப்போடு, கையில் துவக்கோடு, காட்டுக்குள் ஒரு தமிழன். அது தன் அண்ணன், கனடாவில் கோழி வேட்டைக்குப் போனவர் என்று அவன் சொல்ல, அவர்கள் சிரித்தார்களாம். நானும் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பேன். அது என்ன துவக்கு, ஏன் அந்த உடுப்பு, படத்தின் பின்பக்கம் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் உள்ள ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினால், சிங்களத்தில் மொழிபெயர்த்து யூலைக் கடைசியில் வருகிற தவணைக்கு நீதவானிடம் கொடுக்கலாம் என்றார். அவனுடைய கனடாப் பத்திரங்கள் மருத்துவச் சோதனை வரைக்கும் வந்துவிட்டன. வழக்கென்று ஒன்று பதிந்துவிட்டால் எல்லாம் அதோடு சரி.

இந்தக் கடிதத்தை வழியில் எப்படியும் யாரோ ஒருவர் பிரித்துப் பார்ப்பார். அந்த ஐயாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்களுக்குக் கடிதம் எழுதும்போது துவக்கு என்ற சொல் வரக்கூடாது என்று இத்தனை வருடம் கவனமாக இருந்தவள் நான். இன்று அந்தச் சொல்லை வேண்டிய மட்டும் எழுதப் போகிறேன்.

இவர் வேலை செய்வது குசினி அலுமாரிகள் செய்கிற பக்டரியில். கதவுகளைத் தேய்த்து மெருகு பூசுவது இவருடைய வேலை. அங்கே சுப்பவைசராக இருக்கிறவர் கோர்டன் என்று ஒரு வயதான வெள்ளைக்காரர். அவருடைய அப்பா விட்டுப்போன வேட்டைத் துவக்கு ஒன்று வீட்டில் சும்மா கிடந்ததாம். மரப்பிடி வெடித்து, குழலில் கறள் ஏறி, யாரும் தொடாத சாமான். பனிக்காலத்தில் பிடியை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து, பொருத்தித் தர முடியுமா என்று கேட்டார். வெடிப்பு எங்கே இருந்தது என்று அவரே தேடும்படி இவர் பொருத்திக் கொடுத்தார். கோர்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. துவக்கை நீயே வைத்துத் திருத்து, வசந்த காலத்தில் வான்கோழி வேட்டைக்குப் போவோம் என்றார். இவர் அதற்கான வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப் பத்திரமும் எடுத்தார். எல்லாவற்றின் பிரதியும், கோர்டன் தன் கைப்பட எழுதிய கடிதமும் இதோடு வைத்திருக்கிறேன்.

நான் சம்மதித்தேன் என்று நினைக்காதீர்கள். எதற்குப் பயந்து ஓடி வந்தோமோ அதையே நாங்கள் குடியிருக்கிற பேஸ்மென்றுக்குள் கொண்டுவந்து வைத்தால் எந்தப் பெண்சாதி பேசாமல் இருப்பாள்? இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. இவர் பக்கத்தில் வந்து நின்று, "இஞ்சாரும், உது சனத்தைச் சுடுற துவக்கில்லை, கோழிக்கான துவக்கு" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். கோழிக்குத் தெரியுமா அந்த வித்தியாசம் என்று கேட்டேன். ஆனால் மச்சாள், உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து இவர் சீட்டியடித்துக்கொண்டு ஒரு வேலை செய்ததை அப்போதுதான் கண்டேன். பகல் முழுக்க யாருடைய குசினிக்கோ வெள்ளை பூசுகிற மனிதர், பின்னேரம் வந்து தனக்கென்று ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் வாயை மூடினேன்.

இனி அந்த நிறத்தைப் பற்றி. வான்கோழிக்குக் கண் பொல்லாதது, நிறமும் தெரியுமாம். வார்னிஷ் மினுங்கினால், ஒரு வெள்ளைச் சேட்டு தெரிந்தால், அந்தப் பக்கமே வராது. அதனால்தான் அதை வேட்டையாடப் போகிறவர்கள் எல்லோரும் இலைநிற உடுப்பு. இங்கே அது விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில், கிரிக்கெட் மட்டை கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. துவக்கும் மினுங்கக் கூடாது. அதற்காக இவர் பழைய வார்னிஷை எல்லாம் உரித்தார். கோர்டனின் அப்பா நெடுவலான ஆள், இவரோ எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பிடியின் அடியில் ஒரு துண்டை வாளால் அறுத்து, தோள் நோகாமல் இருக்க றப்பர் வைத்தார். பிறகு மண்நிறம் அடித்து, அதற்குமேல் இலைகளை ஒட்டிவைத்துப் பச்சையை விசிறினார். இலையை எடுத்தால் அதன் உருவம் அப்படியே மண்நிறத்தில் நிற்கும்.

என்ன இலை என்று கேளுங்கள். ஏப்ரல் மாதம் இங்கே மரத்தில் ஏது இலை? அஜின்கோர்ட் கடையில் நான் கறிக்கு வாங்கி வைத்திருந்த கறிவேப்பிலை. அன்றைய பருப்புக்குப் போட ஒரு நெட்டுக்கூட மிஞ்சவில்லை. லோயரிடம் சொல்லுங்கள், படத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லி நீதவானைக் கேட்கட்டும். குழல் நெடுக இருப்பது கறிவேப்பிலைதான். உலகத்தில் எந்தப் படை கறிவேப்பிலை அச்சு வைத்துத் துவக்குக்குப் பெயின்ற் அடிக்கும்? மேலே இருக்கிற வீட்டுக்காரர் இராஜரட்ணம் அண்ணையின் கராஜில் வைத்துத்தான் அடித்தார். அவருடைய வெள்ளைக் காரில் இன்றைக்கும் பச்சைப் புள்ளி இருக்கிறது. வேண்டுமென்றால் அவரும் சாட்சிக்கு எழுதித் தருவார், ஏச்சோடு சேர்த்து.

மே மாதம் ஒரு சனிக்கிழமை கோர்டனோடு போனார். காடு என்று பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கமக்காரனுடைய காணி. வேலி இருக்கிறது, வாசலில் தபால் பெட்டி இருக்கிறது. இந்த வேட்டையில் துரத்துவது இல்லையாம். மரத்தடியில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் துவக்கை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். ஒரு சின்ன மரப்பெட்டியை உரசினால் பெட்டைக் கோழி கூப்பிடுவது போலச் சத்தம் வரும். அதை நம்பிச் சேவல் தானாக வந்து முன்னால் நிற்கும்.

வந்து நின்றதாம். இவர் கூப்பிட்டுத்தான் வந்தது. கழுத்துச் சிவப்பு தெரிகிற தூரத்தில், செட்டையை விரித்துக்கொண்டு நின்றதாம். சுடு, சுடு என்று கோர்டன் கண்ணால் காட்டியிருக்கிறார். இவர் சுடவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "கை போகேல்லையப்பா" என்றார். மட்டையில் ஒட்டிய கடதாசியைத் தவிர இவர் வேறு எதையும் சுட்டது கிடையாது. கோர்டன் பகிடி பண்ணி, வெறுங்கையோடு போகாமல் படமாவது கொண்டுபோ என்று எடுத்ததுதான் அந்தப் படம். அதில் பறவை இல்லாததற்குக் காரணம் அது. ஒரு வான்கோழி செத்து இவருடைய காலடியில் கிடந்திருந்தால், ஸ்ரீதரன் சொன்னதை அவர்கள் நம்பியிருப்பார்கள். இதை நினைக்க நினைக்க எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

படத்தின் பின்பக்கம் இவர் எழுதியதை லோயர் எனக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டினார். "தம்பி, உனக்கும் ஒண்டு செய்து வைச்சிருக்கிறன். கெதியா வா, காட்டுக்குப் போவம். சத்தம் போடாமல் இருக்கப் பழகு." வேறொரு குரலில் கேட்டபோது எனக்கே அது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. கடைசி வரிக்கு அர்த்தம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நித்திரையிலும் வாய் ஓயாதவன் அவன். அவனை மரத்தடியில் இருத்தினால் ஊரில் உள்ள பறவை எல்லாம் ஓடிவிடும் என்று இவர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். உனக்கும் ஒன்று என்றது துவக்கை அல்ல. அந்த உரசுகிற பெட்டியை. துவக்குப் பிடியில் அறுத்த துண்டை இவர் எறியவில்லை. அதைச் செதுக்கி மூடியாக்கி, பக்டரியில் மிஞ்சிய பலகையில் அடிப்பெட்டி செய்து, ஸ்ரீதரன் வந்து இறங்கும் நாளுக்கு என்று துணியில் சுற்றி வைத்திருந்தார்.

இப்போது இங்கே உள்ள நிலைமை. எங்கள் யன்னல் நிலமட்டத்தில் இருக்கிறது. அதில் தெரிவது புல்லும் இராஜரட்ணம் அண்ணையின் செருப்பும்தான். செய்தி வந்த நாளிலிருந்து இவர் வேலையால் வந்ததும் துவக்கை எடுத்து, பூசியதை எல்லாம் சாண்ட் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இராஜரட்ணம் அண்ணை இனி இது இந்த வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார். கோர்டனும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இவர்தான் கொடுக்க மறுக்கிறார். முந்தி இருந்த மாதிரி ஆக்கிவிட்டுத்தான் கொடுப்பாராம். பெயின்றை உரித்தால் அவன் வெளியே வந்துவிடுவானா என்று ஒரு நாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். இவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். தூசு பறந்துகொண்டிருந்தது.

நேரே வருவதற்கும் அலைந்து பார்த்தார். அகதி என்று இவருக்கு இங்கே கொடுத்த பயணப் பத்திரத்தில் எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்றும், பிறந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது என்றும் அச்சடித்திருக்கிறது. உலகம் முழுக்கத் திறந்துவிட்டு ஒரு கதவை மட்டும் பூட்டியிருக்கிறார்கள். அது திறந்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். படத்தில் இருக்கிற ஆள் தானாக வந்தால் இருவரையும் வைத்திருப்பார்கள். இதைச் சொன்னதற்காக என்னோடு கோபித்துக்கொண்டார். பிறகு அவராகவே, "அவன் யாழ்ப்பாணத்திலை பேசாமல் இருந்தவன். வா வா எண்டு கூப்பிட்டுக் கொழும்புக்கு எடுப்பிச்சது நான்தானே" என்றார். அதற்கு மறுமொழி உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அந்தப் பெட்டியை இந்தப் பார்சலில் அனுப்புகிறேன். இவருக்குச் சொல்லாமல் அல்ல, இவரே பழைய துணியைப் பிரித்து, புதுத் துணியில் சுற்றித் தந்தார். கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன். மூடியின் உட்பக்கம் சோக்கைப் பூசி, பெட்டியை இடது கையில் லேசாகப் பிடித்து, மூடியை விளிம்பில் பட்டும் படாமல் இழுக்க வேண்டும். அமத்தினால் கதவு கிறீச்சிடுவது போலத்தான் வரும். லோயரை நாலு தரம் பழகச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் ஒரு தரம் இழுத்துக் காட்டட்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அது துவக்கில்லை என்று காதுள்ள எல்லோருக்கும் விளங்கும்.

அதற்கு விடாவிட்டால், ஸ்ரீதரனைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோங்கள். உள்ளே கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று இழுங்கள். எழுதியிருந்தது இதைத்தான் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சம் அவனுக்கு விளங்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மச்சாள். நல்லூரான் உங்கள் இருவருக்கும் துணையிருப்பான்.

கடைசியாக, இதைப் பிரித்து வாசிக்கும் ஐயாவுக்கு. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இவ்வளவையும் பொறுமையாக வாசித்ததற்கு உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். அந்தப் பறவை, இவர் கூப்பிட்ட சத்தத்தை நம்பித்தான் வந்தது. இவருடைய கையில் துவக்கு இருந்தது, பக்கத்தில் இருந்தவர் சுடு என்றார், அது ஒரு குற்றமும் ஆகியிருக்காது. இவர் விட்டுவிட்டார். நீங்களும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சச்சிதானந்தன் பாலேஸ்வரி