நான் மறித்த நடை

சோஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வேணுஜாவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை இப்போது அம்மாவிடம் கேட்டுத்தான் அறிகிறேன். நீ நமீபியாவில் பாலைவன மணல்மேடுகளில் பதினெட்டுக் கிலோமீற்றர் நடந்த படத்தை அவள் காட்டினாள். முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் பல். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அது என் பிழை. நீ அங்கே இருக்கும் சின்ன ஊரின் ஆண்டு விழாவில் ஊரே விடியற்காலையில் மணல்மேடு ஏறி இறங்கி ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடும், நீங்களும் வாங்கோ அப்பா என்று போன மாதம் கேட்டாய். முழங்கால் நோகுது, ஏலாது பிள்ளை என்றேன். ஓம் அப்பா, இனிக் கேக்கமாட்டன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் உன் வகுப்பு ஆர்ன்ஸ்பேர்க் காட்டுக்கு நடைப்பயணம் போன நாளில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆசிரியைக்கு எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தாய். ஏன் என்று கேட்டாய், வாயை மூடு என்றேன். இப்போது சொல்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துக் காத்திருந்த காலத்தில் அனுமதித் தாள் இல்லாமல் எங்கள் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. பக்கத்து மாவட்டத்தில் இருந்த நம் ஊர் அன்ரன் அண்ணையின் மகனுடைய பிறந்தநாளுக்கு அந்தக் காட்டுப் பாதையால் போன என்னை, எல்லைப் பலகையடியில் பொலிஸ் மறித்து, கேக் பெட்டியும் கையுமாக அரைநாள் இருத்தி வைத்தது. பிறகு விசா வந்தது, கடவுச்சீட்டும் வந்தது, பயம் மட்டும் போகவில்லை. ஆனால் உன் வகுப்பு நடை போன அதே கிழமை ஹம் நகர அம்மன் கோவில் தேருக்கு மாவட்டம் தாண்டி உன்னைப் பட்டுப்பாவாடையோடு கூட்டிப்போனேனே, அப்போது பயம் வரவில்லை, அங்கே எங்கள் சனம் என்று. வகுப்புப் பிள்ளைகள் உன் சனம் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

இன்று காலை அம்மாவோடு அந்தப் பாதையில் போனேன். பலகையடியில் கால் நின்றுவிட்டது. ஒருத்தரும் மறிக்கமாட்டினம், வாங்கோப்பா என்றாள் அம்மா. தாண்டி இரண்டு மணித்தியாலம் நடந்தோம். முழங்காலில் ஒன்றுமில்லை மகளே, உன்னிடம் சொன்னது பொய். இரண்டு பொய்க்கும் என்னை மன்னித்துவிடு.

நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும். தண்ணீர் கூடுதலாகக் கொண்டுபோ. தனியாகப் போகாதே என்று எழுதி வெட்டிவிட்டேன். போ, எங்கே போகிறாய் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. விழாவுக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறதாம். இனிக் கேட்கமாட்டேன் என்றாய், நியாயம்தான். ஆனாலும் ஒரேயொரு தடவை கேட்டுப் பார் அம்மா.

அன்புள்ள அப்பா,
சிவகுருநாதன்