பதினாறாவது ஆளுக்கு இடம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பள்ளிக்கூட விவாதப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கென்று வந்து விழுந்ததே, விளங்காத சீட்டு! 'தோட்ட ஜீப் விபத்துகளுக்குக் காரணம் ஓட்டுநர் பேராசையா, தொழிலாளர் அலட்சியமா?' நான் அலட்சியம் பக்கம் பேசணுமாம். யாரு? நான்!

விடியுமுன்னே கம்பத்திலிருந்து கேரளா ஏலக்காய்த் தோட்டத்துக்கு அந்த ஜீப்பில்தான் அம்மா போகிறாள். எட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் பதினாறு பேர், ஒருத்தி மடியில் ஒருத்தியாக. போன மழையில் பின்னால் தொங்கிக்கொண்டு போய்க் கை பிசகி வந்தாள்.

சீட்டை மாத்துங்க என்று விஜி டீச்சரிடம் கெஞ்சினேன். "எந்தப் பக்கம் விழுந்தாலும் பேசணும் முனீஸ்வரி, அதுதான் பயிற்சி" என்றார்கள். அவங்க அம்மா அந்த ஜீப்பில் போனால்ல தெரியும்.

ஆகஸ்ட் 7

ஒரு வரிகூட வரவில்லை. "கோவத்தை ஒதுக்கி வச்சுட்டு, ஜீப்புல என்ன நடக்குதுன்னு போய்ப் பாத்து எழுதுடி" என்றாள் சிம்ரன். என் அணிக்காரி. காலையில் அம்மாவோடு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். பார்த்தேன். எழுதிவிட்டேன். எழுதினது எனக்கே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜெயித்துவிட்டோம். ஓட்டுநர் பக்கத்து நியாயத்தையெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியாக நான் சொன்னது இதுதான்: "பதினாறாவது ஆளுக்கு இடம் கொடுத்தது ஓட்டுநர் அல்ல. உள்ளே இருந்த பதினைந்து பேர் நகர்ந்து கொடுத்தார்கள். அவர்கள் நகராவிட்டால் வண்டியில் இடம் ஏது?"

ஒரே கைதட்டல். நடுவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு அந்த மனுசனுக்கு?

ஆகஸ்ட் 9

நான் பேசின வீடியோவை எவனோ ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். டிரைவர் ஒச்சாண்டி அதை ஜீப்பிலேயே சத்தமாகப் போட்டுக் காட்டினானாம். "ஏக்கா கஸ்தூரி, ஒம் மகளே சொல்லிருச்சு. பெறகென்ன, தள்ளி உக்காரு." எல்லார் முன்னாலேயும்! அம்மாவோடு வேலைக்குப் போகிற பாண்டீஸ்வரி அக்கா வந்து சொன்னாக.

அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூடத் தேவலையே.

ஆகஸ்ட் 10

ச்சீ. ஜெயித்ததுக்குக் கொடுத்த அந்தக் கேடயத்தைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது.

ஆகஸ்ட் 13

தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். "அது சீட்டுல விழுந்ததும்மா, எம் மனசுல உள்ளது இல்ல." அம்மா ஒன்றைத்தான் கேட்டாள்: "நாங்க நகந்து எடம் விடுறோம்னியே, அது சீட்டுல விழுந்ததா, நீயே பாத்ததா?"

நானே பாத்தது என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

தேனியில் மாவட்டப் போட்டி. அதே தலைப்பு, இந்தத் தடவை சீட்டில் ஓட்டுநர் பேராசை. என் பக்கம்! ஒச்சாண்டியை நினைத்து நினைத்துப் பேசினேன். தோற்றுவிட்டோம். "நீ எங்கடி பேசுன? சண்டைல்ல போட்ட. எதிரணி கேட்டதுக்குப் பதிலே சொல்லல" என்கிறாள் சிம்ரன். சொன்னது சரிதான். அதுவே எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

அம்மா சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் பயந்துவிட்டேன்.

"இன்னைக்கி எட்டுப் பேரு ஏறுனதும் நாங்க நகரலடி. தள்ளு தள்ளுன்னு கத்துறான். ஒருத்தி அசையல. பெறகு ஒன்னொன்னா எடுத்து விட்டான் பாரு, ஒரு ஆளை விட்டுட்டுப் போனா அவ வீட்டுல ஒலை எப்பிடிக் கொதிக்கும், நேரமாச்சுன்னா தோட்டத்துல யாரு பதில் சொல்றது... எல்லாம் நீ மேடையில சொன்னதுதேன். அந்தப் பய தெனமும் போட்டுப் போட்டு எனக்கு மனப்பாடமாயிருச்சே! ஒவ்வொன்னுக்கும் பதில் வச்சிருந்தேன். கடேசில சொன்னேன்: எம் மக சொன்னது நெசந்தேன்ப்பா. நாங்க நகந்தாத்தான எடம்? நகரல. இன்னொரு ஜீப்பை வரச் சொல்லு."

"வந்துச்சா?"

"வராம? ஆளில்லாம வண்டிய மட்டும் தோட்டத்துக்கு ஓட்டிட்டுப் போவானா?"

அம்மா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கி எம் மடியில யாரும் உக்காரல ஆத்தா. தூக்குவாளிய மட்டும் வச்சுக்கிட்டுப் போனேன்."